உஷார்! கம்ப்யூட்டரில் ஓடும் ஆற்றை நம்பி மரம் நடாதீர்கள்

2023 ஏப்ரல் 27 அன்று ஸ்பெயினின் கோர்தோபாவில் வெயில் 38.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த நாட்டின் பெருநிலப்பரப்பில் ஏப்ரல் மாதத்தில் அதுவரை அப்படி ஒரு சூடு பதிவானதில்லை. சென்னைக்காரருக்கு இது சாதாரண சித்திரை மத்தியானம். கோர்தோபாவைச் சுற்றியிருக்கும் ஒலிவ மரங்களுக்கோ அது பூவெடுக்கும் நேரம். அந்த நேரத்தில் அனல் அடித்தால் பூ கருகும், பிஞ்சு பிடிக்காது. அதற்குப் பிறகு எத்தனை லிட்டர் சொட்டுநீர் விட்டாலும் அந்த வருஷத்துக் காய் திரும்பி வராது.

அதே மாதக் கடைசியில், வடகிழக்கே காத்தலோனியாவில், உர்ஜெல் கால்வாயின் மதகுகளை இறக்கிவிட்டார்கள். 1862-இல் திறந்த கால்வாய் அது. பாசனப் பருவத்தில் தண்ணீர் இல்லை என்று அதை மூடியது அதன் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. சுமார் 50,000 ஹெக்டேர் பாயும் வாய்க்கால். மக்காச்சோளம் போட நினைத்தவர்கள் நிலத்தைத் தரிசாக விட்டார்கள். ஆப்பிள், பேரி, பீச் மரம் வைத்திருந்தவர்களுக்கு, மரம் சாகாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் என்றார்கள். காய்ப்புக்கு இல்லை, உயிருக்கு மட்டும்.

எண்ணெய்க் கணக்கைப் பாருங்கள். 2021–22 பருவத்தில் ஸ்பெயின் பிழிந்த ஒலிவ எண்ணெய் கிட்டத்தட்ட 15 லட்சம் டன். அடுத்த பருவத்தில் 6.6 லட்சம் டன்தான், பாதிக்கும் கீழே. அதற்கடுத்த பருவம் எட்டரை லட்சம் டன்னில் நின்றது. உலகத்து ஒலிவ எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு தரும் நாடு இப்படிச் சரிந்தால் விலை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மத்தியதரைக்கடல் பகுதியில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், தண்ணீர் பற்றிய கம்ப்யூட்டர் மாடல்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2009-இல் வெளியிட்ட அக்வாகிராப், அமெரிக்காவில் பிறந்து உலகம் சுற்றும் ஸ்வாட், ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் வீப், ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வாளர்கள் ஓட்டும் எல்.பி.ஜே.எம்.எல்., வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் அக்வாடூல் என்று வரிசையாக இருக்கின்றன. எல்லாமே நல்ல அறிவாளிகள் செய்த நல்ல கருவிகள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இவை ஆராய்ச்சி மாணவரின் மேஜையைத் தாண்டி வந்து ரொம்ப நாளாகிவிட்டது. எந்தப் பயிருக்கு மானியம், எந்த மடைக்கு எத்தனை கன மீட்டர், எந்தப் பள்ளத்தாக்கில் புதிதாகத் தோப்பு போடலாம் என்பதெல்லாம் இன்று இவற்றின் விடையைக் காட்டித்தான் முடிவாகிறது. ‘மாடல் ஓட்டிப் பார்த்துவிட்டோம், தண்ணீர் போதும்’ என்று ஒருவர் சொன்னால், மத்தியதரைக்கடல் கரையில் இன்றைக்கு அதைவிட ஆபத்தான வாக்கியம் வேறில்லை. அதைக் கேட்டதும் தலையாட்டிவிட்டுக் கன்று வாங்கப் போகாதீர்கள்.

ஏன் என்பது புரிய, அந்த விடை எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பாசனக் கணக்குகளின் அடியில் இருப்பது, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட 56-ஆம் எண் கையேடு. அதன் வழிமுறை எளிமையானது. 12 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சீராக வளர்ந்து, தண்ணீருக்குக் குறைவே இல்லாத ஒரு புல்தரையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெயில், காற்று, ஈரப்பதம், சூடு இவற்றை வைத்து அந்தப் புல்தரை ஒரு நாளில் எவ்வளவு நீரை ஆவியாக விடும் என்று கணக்கிடுகிறார்கள். அதைப் பயிருக்கென்று உள்ள ஒரு கெழுவால் பெருக்குகிறார்கள். வளர்ந்த ஒலிவத் தோப்புக்குக் கையேடு தரும் கெழு 0.7-ஐ ஒட்டி இருக்கும்.

ஜூலையில் ஒரு நாளைக்குப் புல்தரை 7 மில்லிமீட்டர் நீரை விடுகிறது என்று வையுங்கள். ஒலிவத்துக்கு 4.9 மி.மீ. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 10,000 லிட்டர். ஆக நாளொன்றுக்கு ஹெக்டேருக்கு 49,000 லிட்டர். சுத்தமான கணக்கு. இப்போது அந்த 0.7 என்பது உண்மையில் 0.8 என்று வைத்துப் பாருங்கள். அந்தக் கெழு, மரத்துக்கு மரம் தாராளமாக இடைவெளி விட்ட தோப்புக்கு. இன்று தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில் புதிதாகப் போடுவதோ ஹெக்டேருக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் கன்று என்று வேலி மாதிரி நெருக்கி நடும் தோப்பு. நிழல் அளவு மாறினால் கெழுவும் மாறும். 0.1 கூடினால் நாளுக்கு 7,000 லிட்டர் கூடும். நூறு நாள் கோடைக்கு ஹெக்டேருக்கு 700 கன மீட்டர். ஒலிவத்துக்கு அதே அந்தலூசியாவின் ஹாயேன் பக்கம் வழக்கமாகக் கொடுக்கும் உரிமையே ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,500 கன மீட்டர் அளவில்தான். ஸ்பெயினில் பாசனம் பெறும் ஒலிவத் தோப்பு 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருக்கிறது. வெறுமனே தாளில் பெருக்கினால், ஒரு தசம இடத்துத் தடுமாற்றம் 56 கோடி கன மீட்டரில் வந்து நிற்கிறது. நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 20 டி.எம்.சி. நிஜத்தில் அந்தத் தோப்புகள் எல்லாவற்றுக்கும் முழுப் பாசனம் கொடுப்பதில்லை என்பதால் இவ்வளவு வராது. ஆனாலும் சங்கிலியின் முதல் கண்ணியே இவ்வளவு ஆடுகிறது என்பதைப் பார்த்து வையுங்கள்.

ஏனென்றால் இது முதல் கண்ணிதான். உலகப் பருவநிலை மாடலின் விடையை ஒரு மாவட்ட அளவுக்குச் சுருக்கி, அந்த மழையை ஆற்று மாடலுக்குள் ஊற்றி, அதில் வரும் நீரைப் பயிர் மாடலுக்குக் கொடுத்து, அதன் விளைச்சலைப் பொருளாதார மாடலுக்குள் செலுத்தி, ‘விவசாயி இந்தப் பயிருக்கு மாறுவார்’ என்று கடைசியில் ஒரு வரைபடம் வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கடைசி வரைபடத்தில் அதில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. வண்ணம் மட்டும் தெரியும்.

நிபந்தனையை மறைக்காமல் சொல்கிற ஆய்வுகளும் உண்டு. 2016-இல் மரியனேலா ஃபாடர் குழுவினர் எல்.பி.ஜே.எம்.எல். கொண்டு மத்தியதரைக்கடல் பகுதி முழுவதற்கும் கணக்கிட்டார்கள். வாய்க்காலையும் பாசன முறையையும் மேம்படுத்தினால் இன்றைய நிலையில் 35 சதவீதம் தண்ணீரை மிச்சப்படுத்தலாம் என்றார்கள். மேம்படுத்தாவிட்டால், பருவநிலை மாற்றத்தால் மட்டும் பாசனத் தேவை நூற்றாண்டு இறுதிக்குள் 4 முதல் 18 சதவீதம் கூடும். மக்கள்தொகைப் பெருக்கத்தையும் சேர்த்தால் 22 முதல் 74 சதவீதம். இதில் அந்த 4 எங்கிருந்து வந்தது தெரியுமா? உலக வெப்பம் 2 டிகிரியோடு நின்றுவிடுகிறது, காற்றில் கூடும் கரியமில வாயுவால் பயிர்கள் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும், அந்த நன்மை முழுசாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் வருவது 4. வெப்பம் 5 டிகிரி ஏறி, அந்த நன்மையும் கிடைக்காவிட்டால் 18. ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகவே எழுதி வைத்தார்கள். ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுகள் கூட்ட அரங்கின் திரைக்குப் போகும்போது 35 பெரிய எழுத்தில் போகும், 74 விட்டுப்போகும், கரியமில வாயுக் கதையை யாரும் கேட்கவே மாட்டார்கள். சுற்றறிக்கையைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். நல்ல எண் ஒன்றைக் காட்டினால், அதன் ஜோடி எண் எங்கே என்று கேளுங்கள்.

இனி பெரிய பூதத்துக்கு வருவோம். பழைய மழை.

தாஹோ ஆறு ஸ்பெயினின் கிழக்குப் பகுதியில் பிறந்து மேற்கே போர்ச்சுகலின் லிஸ்பனில் கடல் சேர்வது. அதன் தலைமடையில் இருக்கும் எந்த்ரெபென்யாஸ், புவெந்தியா அணைகளிலிருந்து தண்ணீரைத் தென்கிழக்கே செகூரா ஆற்றுப் படுகைக்குத் திருப்பும் கால்வாய் 1979-இல் ஓடத் தொடங்கியது. யோசனை 1933-லேயே பொறியாளர் மானுவேல் லொரென்சோ பார்தோ போட்ட தேசியத் திட்டத்தில் வந்தது. 1971-இல் வந்த சட்டம், முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 60 கோடி கன மீட்டர் வரை என்றது. அடுத்த கட்டம் 100 கோடி. இந்த எண்களை நம்பித்தான் முர்சியாவிலும் அலிகாந்தேயிலும் அல்மேரியாவிலும் எலுமிச்சை, லெட்யூஸ், பிராக்கோலி என்று பச்சை பரவியது. ‘ஐரோப்பாவின் காய்கறித் தோட்டம்’ என்று பெயரும் வாங்கியது.

கால்வாய் திறந்த கையோடு ஆறு மெலிந்துவிட்டது. 1980-க்குப் பிறகு அந்தத் தலைமடை அணைகளுக்கு வரும் நீர், அதற்கு முந்தைய பத்திருபது ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதற்கு அங்கே ‘எண்பதுகளின் விளைவு’ என்றே பெயர். முதல் கட்டத்துக்கே சொன்ன 60 கோடி, வருஷா வருஷம் கிடைத்ததே இல்லை. சராசரியாக வந்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடக் குறைய. பெருக்கல் தப்பு யாரும் செய்யவில்லை. கைக்குக் கிடைத்த மழைப் பதிவை வைத்து நேர்மையாகத்தான் கணக்குப் போட்டார்கள். அந்தப் பதிவு, நல்ல மழைக் காலத்தின் பதிவு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுச் சுரைக்காயை நம்பி அடுப்பையே மூட்டிவிட்டார்கள்.

பள்ளத்தை நிரப்ப என்ன செய்தார்கள்? நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. தொர்ரெவியேகாவில் இருப்பது ஆண்டுக்கு 8 கோடி கன மீட்டர் திறனோடு கட்டப்பட்டது. ஒரு கன மீட்டர் கடல்நீரைச் சுத்திகரிக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகும். அந்தத் தண்ணீரில் கீரை விளைவித்து விற்பவருக்கு, மின்கட்டணம் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம் வாழ்க்கை. முர்சியா கரையில், உர நீர் வடிந்து சேர்ந்த மார் மெனோர் காயல் 2016-இல் பச்சைக் கூழாகி, 2019 அக்டோபரில் ஆயிரக்கணக்கில் மீன்கள் கரையில் செத்து ஒதுங்கின. 2022-இல் அந்தக் காயலுக்கு ஸ்பெயின் நாடாளுமன்றம் சட்டப்படி ஒரு நபருக்குரிய உரிமையே கொடுத்தது. பாசனத் திட்டத்துக்கு மாடல் போட்ட காலத்தில் இந்தக் காயல் எந்தக் கட்டத்திலும் இல்லை.

அடுத்தது சொட்டுநீர். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

வயலின் வரப்போடு நிற்கும் மாடலில் சொட்டுநீர் எப்போதும் ஜெயிக்கும். வாய்க்காலில் விட்டு நிரப்பினால் பாதி நீர் கசிந்து போகிறது, குழாயில் விட்டால் வேருக்குப் போகிறது. சரிதான். ஆனால் அந்தக் கசிவு எங்கே போனது? கிணற்றுப் பாசனம் தெரிந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். மேல்வாய்க்காலில் கசிந்ததுதான் கீழ்க்காட்டுக் கிணற்றில் ஊறுகிறது. மேலே இருப்பவர் குழாய் போட்டதும் கீழே கிணறு வற்றுகிறது. மேலே இருப்பவரோ மிச்சமான தண்ணீரை ஆற்றுக்குத் திருப்பித் தருவதில்லை. இன்னும் பத்து ஏக்கர் சேர்த்துப் போடுகிறார், அல்லது கோதுமையிலிருந்து பழத்துக்கு மாறுகிறார். 2018-இல் க்வென்டின் கிராஃப்டன் முதலான ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் உலக அளவில் எடுத்துக்காட்டியது. பாசனத் திறன் கூடக் கூட, படுகையின் மொத்தச் செலவு குறைவதில்லை, பல இடங்களில் கூடுகிறது.

மொராக்கோவைப் பாருங்கள். 2008-இல் ‘பசுமை மொராக்கோ’ திட்டம் வந்தது. சொட்டுநீருக்கு 80 முதல் 100 சதவீதம் மானியம். (தமிழ்நாட்டிலும் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம்தான். ஆகவே இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள்.) குழாய் பரவியது. தக்காளி, தர்பூசணி, ஆரஞ்சு, அவகாடோ எல்லாம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. ஏற்றுமதிக் கணக்கு மின்னியது. நிலத்தடி நீர் இறங்கியது. பிறகு 2018 வாக்கில் தொடங்கி வறட்சி ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, நாட்டின் பெரிய அணைகளில் ஒன்றான அல் மசீரா அடிமண் தெரியக் கிடந்தது. தாத்தா மாகாணத்தில் தர்பூசணிக்கே தடை போட வேண்டியதாயிற்று. மேய்ச்சல் காய்ந்து, ஒன்பது ஆண்டுகளில் ஆடுமாடுகளின் எண்ணிக்கை 38 சதவீதம் சரிந்தது. 2025 பிப்ரவரியில் மன்னர் ஆறாம் முகமது, அந்த ஆண்டு பக்ரீத்துக்கு ஆடு அறுக்க வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. ஒரு இஸ்லாமிய நாட்டில் இது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள். அகாதிருக்குத் தெற்கே சுத்துக்காவில் நாளொன்றுக்கு 2,75,000 கன மீட்டர் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலையைக் கட்டி, அதில் ஒரு பங்கைத் தக்காளிப் பந்தல்களுக்கு அனுப்புகிறார்கள். பணமும் மின்சாரமும் இருக்கும்வரை ஓடும்.

மாடல் எதிர்பார்க்காத இன்னொருவர் இருக்கிறார். ராத்திரியில் போர் போடுகிறவர். ஒதுக்கிய அளவுக்கு மேல் ஒரு சொட்டும் எடுக்காத உத்தமராகத்தான் பல மாடல்களில் விவசாயி வருகிறார். ஸ்பெயினின் ஊவெல்வா மாவட்டத்தில், தோன்யானா தேசியப் பூங்காவின் விளிம்பில், ஐரோப்பியக் கடைகளுக்கான ஸ்ட்ராபெரி பிளாஸ்டிக் கூடாரங்களில் விளைகிறது. அங்கே அனுமதி இல்லாத கிணறுகள் பல வருஷத்து விவகாரம். 2021 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம், தோன்யானாவின் நிலத்தடி நீரைக் காக்கத் தவறியதாக ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2022 கோடையில் பூங்காவின் பெரிய நிரந்தர ஏரியான சாந்தா ஒலாயா வற்றிவிட்டது. அடுத்த கோடையிலும் வற்றியது. கணக்கில் வராத போர்வெல் குளத்தைக் கணக்காகத்தான் காலி செய்யும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடிப்பது பொருளாதார மாடலின் செல்லப்பிள்ளையான ஒரு அளவுகோல்: ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு எத்தனை யூரோ. தண்ணீர் குறைவு, ஆகவே அதிகப் பணம் தரும் பயிருக்குத் தண்ணீரைக் கொடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கேள்வியை எந்தக் கம்ப்யூட்டரிடம் கேட்டாலும் கோதுமையை விடு, பாதாம் போடு, பிஸ்தா போடு, கடலோரமாக இருந்தால் அவகாடோ போடு என்றுதான் சொல்லும். கோதுமைக்காரர் தண்ணீர் இல்லாத வருஷம் விதைக்காமல் விடலாம். நஷ்டம் ஒரு வருஷத்தோடு போகும். அவகாடோக்காரர் இந்த வருஷம் மரத்துக்கு லீவு விட முடியுமா? பழத்தோப்பு பெருகப் பெருக, வறட்சியில் குறைத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் என்று எதுவுமே அந்தப் படுகையில் மிஞ்சாது. சராசரி வருஷத்தில் லாபம் காட்டிய அதே திட்டம், மூன்றாம் வறட்சி வருஷத்தில் வேரோடு விழுகிறது.

மாலகா மாவட்டத்தின் ஆக்ஸார்கியா கரையில் இது நடந்தே முடிந்துவிட்டது. ஐரோப்பாவில் மாம்பழமும் அவகாடோவும் விளையக்கூடிய அபூர்வமான இடம் அது. எல்லோரும் அதையே நட்டார்கள். வின்யுவேலா அணைதான் ஆதாரம். வறட்சியில் அதன் இருப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே போனது. பாசனத்துக்கு நீர் நிறுத்தப்பட்டது. சுத்திகரித்த சாக்கடை நீரைக் கொண்டு கொஞ்சம் தோப்பைக் காப்பாற்றினார்கள். மற்றவர்கள் கிளையை மொட்டையடித்து மரத்தின் தாகத்தைக் குறைத்தார்கள், அதுவும் முடியாதவர்கள் வெட்டினார்கள். ஒலிவமே இன்று ஸ்பெயினில் அதிகப் பரப்பில் பாசனம் பெறும் பயிர் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். ஆயிரமாயிரம் வருஷமாக மானாவாரியில் நின்ற மரம் அது.

மூன்றாம் வறட்சி வருஷம் என்றேன். பல மாடல்கள் வறட்சியைத் தனி வருஷமாகப் பார்க்கின்றன. பத்தில் ஒரு வருஷம் மோசம், மற்றது பரவாயில்லை என்ற சராசரிக் கணக்கு. நிஜத்தில் மோசமான வருஷங்கள் கூட்டமாக வருகின்றன. காத்தலோனியாவில் 2021-இல் தொடங்கிய வறட்சி 2024 பிப்ரவரி 1 அன்று பார்சலோனா உட்பட அறுபது லட்சம் பேர் வாழும் பகுதிக்கு அவசரநிலை அறிவிக்கும்வரை போனது. அணைகளில் 16 சதவீதத்துக்கும் குறைவான நீர். பாசனத்துக்கு 80 சதவீதம் வெட்டு. சிசிலியில் 2024 மே மாதம் இத்தாலிய அரசு வறட்சி அவசரநிலை அறிவித்தது. அந்தக் கோடையில் பெர்கூசா ஏரி குட்டையாகிச் சுருங்கியது. வருஷ மொத்த மழையை மட்டும் பார்த்தால் ஏமாறுவதற்கு வலென்சியாவே சாட்சி. 2024 அக்டோபர் 29 அன்று தூரிஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. வறண்ட ஊருக்கு ஒன்றரை வருஷத்து மழை ஒரு நாளில். அந்தப் பெருவெள்ளத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆண்டுச் சராசரியில் அந்த ஊர் சுபிட்சமாகத் தெரியும். பயிருக்கு அந்த மழையால் என்ன பயன்?

சரி, மாடலே வேண்டாமா என்றால், அப்படி இல்லை. வலென்சியாவைச் சுற்றிய ஹூகார் ஆற்றுப் படுகையில் 2005 முதல் 2008 வரை கடும் வறட்சி. அப்போது அக்வாடூலை அவர்கள் பயன்படுத்திய விதம் வேறு. இன்றைய அணை இருப்பிலிருந்து தொடங்கி, அடுத்த சில மாதங்களில் இருப்பு எந்த அளவுக்கு இறங்க எவ்வளவு வாய்ப்பு என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அந்த விடையை விவசாயிகள், நகராட்சிகள், மின் நிறுவனங்கள் எல்லோரும் உட்கார்ந்த வறட்சிக் குழுவின் முன்னால் வைத்து, யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று பேசினார்கள். அங்கே மாடல் வாக்குறுதி கொடுக்கவில்லை, அபாயச் சங்கு ஊதியது. ஒரே ஒரு முறை ஓட்டி, வந்த எண்ணை முப்பது வருஷத் தோப்புக்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கோர்தோபா ஆய்வாளர் எலியாஸ் ஃபெரெரெஸ் போன்றவர்கள் பல வருஷம் உழைத்துக் காட்டிய குறைநீர்ப் பாசனமும் அப்படித்தான். ஒலிவக்காயின் கொட்டை இறுகும் நடுக்கோடையில் தண்ணீரைக் குறைத்தாலும் எண்ணெய் பெரிதாகக் குறையாது, பூ நேரத்தில் குறைத்தால் போச்சு. மரத்தைத் தொட்டுப் பார்த்து, மண்ணைத் தோண்டிப் பார்த்துச் செய்த கணக்கு. அதைப் பயிர் மாடலில் சேர்த்தால் மாடலுக்கும் கொஞ்சம் புத்தி வருகிறது.

வலென்சியாவில் இன்னொன்றும் இருக்கிறது. வியாழக்கிழமை நண்பகலில் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வட்டமாக நாற்காலியில் உட்காருகிறார்கள். கொக்கி வைத்த தடியோடு ஒரு சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, வழக்கு உண்டா என்று கூவுகிறார். பல வியாழன்களில் வழக்கே இருக்காது. சில நிமிஷத்தில் எழுந்து போய்விடுகிறார்கள், சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள். வழக்கு வந்தால் வாய்மொழியாகவே விசாரணை, அங்கேயே தீர்ப்பு. 2009-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த நீர் நீதிமன்றம் இது. நம்ம ஊர் முறைப்பாசனக்காரர்களுக்கு இதில் பிடிபடும் விஷயம் ஒன்று உண்டு. அந்த வாய்க்கால்களின் பழைய உரிமை இத்தனை கன மீட்டர் என்று இல்லை, துரியா ஆற்றில் வருவதில் இத்தனை பங்கு என்று இருந்தது. ஆறு மெலிந்தால் எல்லோர் பங்கும் சேர்ந்து மெலியும். தாஹோவின் 60 கோடி மாதிரி, இல்லாத தண்ணீருக்குப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் வேலை அதில் கிடையாது.

இவ்வளவு பதற்றமாக இப்போது எழுதக் காரணம், மழை பெய்துவிட்டது. 2025 வசந்தத்தில் ஸ்பெயினின் அணைகள் மளமளவென்று ஏறின. ஒலிவ எண்ணெய் உற்பத்தி 2024–25 பருவத்தில் 14 லட்சம் டன்னுக்கு மீண்டது, விலை இறங்கியது. வறட்சிக் கூட்டங்களின் அவசரம் கலைவதும், ‘பார்த்தீர்களா, எல்லாம் சரியாகிவிட்டது’ என்ற குரல் எழுவதும் இந்த மாதிரி வருஷத்தில்தான். தப்பான தோப்புகள் எப்போதும் நல்ல மழை வருஷத்தில்தான் நடப்படுகின்றன. ஆனால் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட மத்தியதரைக்கடல் பகுதி ஏற்கெனவே சுமார் 1.5 டிகிரி சூடேறிவிட்டது. உலகச் சராசரியைவிட 20 சதவீதம் வேகமாகச் சூடேறுகிறது என்று மத்தியதரைக்கடல் நிபுணர் குழு 2020 அறிக்கையில் சொன்னது. ஒரு நல்ல வசந்தம் அதை மாற்றாது.

ஸ்பெயினில் 2028 முதல் 2033 வரைக்கான ஆற்றுப்படுகைத் திட்டங்கள் தயாராகி வருகின்றன. அங்கே நீர் இருப்பைக் கணக்கிட இரண்டு மழைத் தொடர்கள் உண்டு. 1940-இல் தொடங்கும் நீண்ட தொடர் ஒன்று, 1980-இல் தொடங்கும் குறுகிய தொடர் இன்னொன்று. நீண்டதை எடுத்தால் ஆறு கொழுக்கும், குறுகியதை எடுத்தால் மெலியும். தாஹோவில் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. அரான்ஹுவேஸ் ஊர் அருகே ஆற்றில் கட்டாயம் ஓடவிட வேண்டிய நீரை வினாடிக்கு 8.65 கன மீட்டராக 2027-இல் உயர்த்த 2023-இல் போட்ட திட்டமே சொல்கிறது. அந்த அளவுக்குக் கால்வாயில் திருப்பிவிடுவது குறையும். ஆகவே முர்சியாவில் எலுமிச்சங்கன்று வாங்க நினைப்பவர் நர்சரிக்குப் போகும் முன் புதிய திட்ட வரைவை வாங்கிப் பார்க்கட்டும். தன் மடைக்கு எழுதியிருக்கும் அளவு என்ன, அது எந்தத் தொடரில் போட்ட கணக்கு, அடுத்தடுத்து மூன்று வறட்சி வருஷம் வந்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தார்களா என்று எழுத்துமூலம் கேட்கட்டும். கருத்துக் கேட்புக்கு ஆறு மாதம்தான் அவகாசம். அது முடிந்துவிட்டால் அந்த எண்ணை மாற்ற இன்னும் ஆறு வருஷம் ஆகும்.